கும்மிடிப்பூண்டியில் பட்டாம்பூச்சியா?

(கும்மிடிப்பூண்டியில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு, வீட்டுத் தோட்டத்தில் அபூர்வப் பட்டாம்பூச்சிகளைப் பார்ப்பதும் படமெடுப்பதும். நோட்டீஸைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஏங்க, கும்மிடிப்பூண்டியில பட்டாம்பூச்சியா? இங்க இருக்கிறது இரும்பு உருக்காலையும் லாரியும்தானே? வால்பாறைக்குப் போய்ப் பேச வேண்டியதை இங்க வந்து பேசுறீங்களே!" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவரும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில்.

நண்பர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி எது? தமிழ் மறவன். 2019இல் அரசு அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பூச்சி. நம் வீட்டு மாடிக்கு வராது. பட்டாம்பூச்சி என்றாலே மலை, அருவி, ஈரக்காடு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தமிழ்நாட்டில் மட்டும் 300க்கும் மேல். பெரும்பங்கு மலைக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் மலைக்குப் போனவையெல்லாம் போக மிச்சம் எங்கே இருக்கிறது?

நம் ஊர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கிழக்கே பழவேற்காடு ஏரி, உப்புக்காற்று, மணல். மேற்கே மாதர்பாக்கம், தேர்வாய்கண்டிகை தாண்டினால் ஆந்திர எல்லையில் நாகலாபுரம் மலை. தெற்கே ஆரணியாறு. நடுவில் பனை, புளி, ஏரிக்கரை, நெல்வயல். அந்த நடுவில்தான் சிப்காட் தொழிற்பேட்டை. கடற்கரைக் குத்துச்செடிப் பூச்சியும் வயல்வெளிப் பூச்சியும் மலையடிவாரப் பூச்சியும் வந்துபோகக்கூடிய இடம் இது. சென்னை சென்ட்ரலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இப்படி ஓர் இடம் இருப்பதே பெரிய விஷயம். நாம் ரயிலில் ஏறி அதைத் தூங்கியே கடக்கிறோம்!

சரி, அபூர்வம் என்றால் என்ன? முதலில் இதைப் பேசித் தீர்த்துக்கொள்வோம். ஒரு பட்டாம்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் முட்டை இடுவதற்கு அதற்கென்று சில செடிகள்தான். புழு அந்த இலையைத்தான் தின்னும். வேறு இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும். அம்மா பூச்சிக்கு இது தெரியும். இலைமேல் உட்கார்ந்து முன்காலால் தட்டித் தட்டிப் பார்ப்பாள். அவளுக்குச் சுவை தெரிவது காலில்! சரியான இலைதான் என்று தெரிந்த பிறகே முட்டை. அப்படியானால் ஒரு பூச்சி நம் தெருவில் அபூர்வமாக இருக்கிறது என்றால், அபூர்வமானது பூச்சியா, அதன் செடியா? பெரும்பாலும் செடிதான். அந்தச் செடியை நாம்தான் களை என்று பிடுங்கிப் போட்டிருக்கிறோம்.

இதற்கு நான் காட்டப்போகும் முதல் சாட்சி, உங்கள் எல்லோர் வீட்டிலும் நிற்கிற கறிவேப்பிலை மரம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சம் என்று விட்டுவிடுவோம். குருவியும் அப்படித்தான் விட்டுவிடுகிறது. அதற்காகத்தான் அந்த வேடம். அது குட்டிப் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும்; ஒரு நெடி வரும். நம் வீடுகளில் இந்தக் கட்டத்தில் என்ன நடக்கும்? "ஐயோ புழு!" என்று துடைப்பம் வரும். துடைப்பத்திலிருந்து தப்பித்தால், முட்டை இட்டதிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் சிறகு விரியும். ஒன்று எலுமிச்சை அழகி. இல்லையென்றால் கறிவேப்பிலை அழகி, ஆங்கிலத்தில் காமன் மார்மன்.

இந்தக் கறிவேப்பிலை அழகியில் ஆண் ஒரே மாதிரி. கருப்புச் சிறகு, பின்சிறகில் குறுக்காக வெள்ளைப் பட்டை. பெண்தான் வேடிக்கை. ஒரு வகைப் பெண் ஆணைப் போலவே இருப்பாள். இன்னொரு வகைப் பெண், பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டும் சுற்றிலும் சிவப்புப் பிறைகளுமாக, அச்சாக ரோஜா அழகி. மூன்றாவது வகைப் பெண் முன்சிறகில் வெள்ளைப் பட்டைகளும் பின்சிறகில் சிவப்புப் பொட்டுகளுமாக, அச்சாகச் சிவப்புடல் அழகி. மூவரும் ஒரே இனம். ஒரே கறிவேப்பிலை மரத்தில் பிறந்த அக்கா தங்கைகளாகக்கூட இருக்கலாம்.

எதற்கு இந்த வேடம்? ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் தின்று வளர்ந்தவை. ஆடே தீண்டாத பாளையைத் தின்ற உடம்பில் நஞ்சு ஏறியிருக்கும். ஒருமுறை கடித்த குருவி மறுமுறை கிட்டே வராது. கறிவேப்பிலையைத் தின்று வளர்ந்தவளுக்கு நஞ்சு கிடையாது. போலீஸ்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தையில் நடக்கும் ஆளைப் போல, அவள் அந்த உடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு திரிகிறாள். ஒரே இனத்துப் பெண்களுக்கு இத்தனை உடுப்பு எப்படி வந்தது என்ற கேள்விக்கு 2014இல் விடை கிடைத்தது. ஆண் பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணுதான் இந்த உடுப்பையும் தீர்மானிக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். எழுதியவர்களில் முதல் பெயர் கிருஷ்ணமேக் குண்டே. பெங்களூரில் இருக்கும் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர். உலகம் முழுக்கப் படித்த அந்த ஆய்வின் நாயகி நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறாள். நாம் துடைப்பத்தோடு நிற்கிறோம்!

இங்கேதான் படமெடுப்பவருக்கு வேலை. தோட்டத்துக்குள் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று வருகிறது. அசலா, வேடமா? சிறகைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உடம்பே சிவப்பு. வேடம் போட்டவளுக்கு உடம்பு கருப்பு. அதனால் சிறகு விரிந்த அழகான படம் ஒன்று எடுத்த கையோடு, பக்கவாட்டில் உடம்பு தெரியும்படி இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது படத்தில்தான் அவள் யார் என்பது தெரியும்.

தோழர்களே, கறிவேப்பிலை வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளை எத்தனை வீட்டில் இருக்கிறது? தரையோடு படரும் சின்னச் செடி. கரிசல் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் இருந்தது. மனை போட்டு, மண் அடித்து, சமன் செய்தால் முதலில் போவது அதுதான். அது போனால் அசல் போகும். அசல் போனால்? குருவிக்குப் பாடம் சொல்ல ஆள் இருக்காது. பாடம் படிக்காத குருவி வேடக்காரியையும் தின்னும். ஒரு களைச்செடி போனதற்குக் கறிவேப்பிலை மரத்துப் பூச்சி விலை கொடுக்கிறது. ஒரு தொட்டியில் ஆடுதீண்டாப்பாளையை வையுங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

அடுத்து, மாடிவாசிகளுக்கு. குவார்ட்டர்ஸில் இருக்கிறோம், இரண்டு தொட்டிக்கு மேல் இடமில்லை என்பவர்களுக்கு. ரணகள்ளி தெரியும்தானே? இலையைக் கிள்ளிப் போட்டாலே ஓரமெல்லாம் குட்டிச்செடி முளைக்கும். "கட்டிப்போட்டால் குட்டி போடும்" என்று பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைப்பார்களே, அதுதான். அதன் சதைப்பற்றுள்ள இலையில் முட்டையிடும் ஒரு குட்டிப் பட்டாம்பூச்சி, ரெட் பியரோ. மேலே கருப்புச் சிறகில் ஆரஞ்சுத் திட்டு. கீழே வெள்ளைச் சிறகில் கரும்புள்ளி, ஓரத்தில் ஆரஞ்சு. புழு இலையைத் துளைத்து உள்ளே போய், மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவில் இருந்துகொண்டே தின்னும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே அது நகர்வது தெரியும். இப்படி வெளிச்சத்தைப் பின்னால் வைத்து இலையைப் படமெடுத்துப் பாருங்கள். எந்தக் கேமராக் கடையிலும் விற்காத படம் கிடைக்கும். பூச்சியும் நல்ல பிள்ளை. தாழ்வாக, மெதுவாகப் பறக்கும். கைபேசிக்காரர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பூச்சி கிடையாது. ஒரு தொட்டி ரணகள்ளி போதும்.

எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிறம், சிறகு நுனியில் கருப்பு வெள்ளை. அதைப் பார்த்ததும் "இதுதானே" என்று முகத்தைத் திருப்பாதீர்கள். பின்சிறகின் நடுவைப் பாருங்கள். மூன்று நான்கு கரும்புள்ளி இருந்தால் வெந்தய வரியன். மேலோரத்தில் ஒன்றே ஒன்று இருந்தால், அது டனெய்டு எக்ஃபிளையின் பெண். இவளும் வேடக்காரிதான்! ஆணோ முற்றிலும் வேறு. கருஞ்சிறகில் வெள்ளை வட்டங்கள், வட்டத்தைச் சுற்றி ஊதா மினுமினுப்பு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் பல காலம் இடம்பெற்றிருந்த பூச்சி இது. சிவப்புடல் அழகியும் அப்படியே. அட்டவணையில் இருந்த இந்த டனெய்டு எக்ஃபிளை எதைத் தின்று வளர்கிறது தெரியுமா? பருப்புக்கீரையை. நம் வீட்டுக் குழாயடியில், துணி துவைக்கும் கல்லோரத்தில் தானாக முளைக்கிற தரைக்கீரையை! சிமென்ட் போட்டுப் பூசிவிட்ட முற்றத்தில் அது எங்கே முளைக்கும்?

இன்னொரு வழியும் இருக்கிறது. செடியே வேண்டாம், பனம்பழம் போதும். ஆவணியில் பனம்பழம் விழுந்து அழுகி வாசனை கிளம்பும்போது, பூவின் பக்கம் அவ்வளவாகப் போகாத பட்டாம்பூச்சிகள் அங்கே வரும். மாவிலையில் நடுநரம்போடு நரம்பாகப் படுத்து ஒளிந்து வளர்ந்த காமன் பேரன் வரும். புளிய மரத்தில் பிறந்த பிளாக் ராஜா வரும். விர்ரென்று வந்து இறங்கி, போதையேறினால் கிட்டப் போனாலும் நகராது. சாலையோரப் புளிய மரங்களை அகலப்பாதைக்காக வெட்டிக்கொண்டே வருகிறோம். ஆனாலும் ஊருக்குள் நிற்கிற ஒன்றிரண்டு புளி இன்னும் அந்த ராஜாவை வளர்த்துக்கொண்டிருக்கிறது. பனம்பழம் கிடைக்காதவர்கள் கனிந்துபோன வாழைப்பழத்தை ஒரு தட்டில் வைத்து வெயில்படும் மூலையில் விட்டுப் பாருங்கள். எறும்பு வரும், ஈ வரும், வீட்டில் திட்டு விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காடு பக்கம் வீடு இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். உப்பு மண்ணில் நிற்கும் உகாய் மரத்தை விறகுக்கு வெட்டாமல் விட்டு வைத்திருந்தால், அதைத் தின்று வளரும் ஸ்மால் சால்மன் அராப் உங்கள் வாசலுக்கு வரும். இளஞ்சிவப்பும் கருப்புமான சிறு பூச்சி. மலைக்குப் போய் வாரக்கணக்கில் தவம் கிடந்தாலும் இதைப் பார்க்க முடியாது. வால்பாறைக்காரர் இதைப் பார்க்க நம் ஊருக்குத்தான் வர வேண்டும்!

இனி படமெடுப்பதைப் பற்றி. "சார், என்ன கேமரா வாங்கலாம்?" இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கையில் இருப்பதே போதும். பணம் இருந்தால் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். தள்ளி நின்றே எடுக்கலாம். இல்லையா, சில நூறு ரூபாய்க்குக் கைபேசியில் மாட்டும் கிளிப் லென்ஸ் கிடைக்கிறது. கேமராவைவிட முக்கியம், நேரம். பட்டாம்பூச்சிக்கு நம்மைப் போல உடம்புச்சூடு கிடையாது. காலை வெயிலில் சிறகை விரித்துக் காய்ந்து, உடம்பு ஏறக்குறைய 30 டிகிரி வந்த பிறகுதான் நன்றாகப் பறக்கும். ஆகவே காலை ஏழு முதல் ஒன்பது வரை அது உங்களுக்காக உட்கார்ந்து கொடுக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வருகிற தோழர்களே, இந்த ஒரு விஷயத்தில் ஜெனரல் ஷிஃப்ட்காரரைவிட நீங்கள் பாக்கியசாலிகள்.

துரத்தாதீர்கள். செடிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள், அது வரும். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. விழுந்த நொடியில் பறந்துவிடும். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கிட்டே போய் எடுக்கலாம் என்று காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. பிறகு ஓரடி, நிறுத்தம், படம், மறுபடி ஓரடி. மூடிய சிறகு என்றால் லென்ஸ் அந்தச் சிறகுக்கு நேராக இருக்கட்டும். சாய்ந்தால் பாதி சிறகு மங்கிவிடும். மேல்சிறகு அழகுக்கு, கீழ்ச்சிறகு அடையாளத்துக்கு. நீலன்கள் என்கிற குட்டிப் பூச்சிகளைக் கீழ்ச்சிறகுப் படம் இல்லாமல் இன்னதென்று சொல்லவே முடியாது. அந்தக் குட்டிகளின் பின்சிறகைக் கவனித்துப் பாருங்கள். நூல் மாதிரி வாலும் பக்கத்தில் கண் மாதிரி பொட்டும் இருக்கும். அது பொய்த்தலை. இட்லிப்பூச் செடிக்கு வரும் மங்கி பஸில் என்ற பூச்சி அந்த வாலை ஆட்டி ஆட்டிக் காட்டும். ஓணான் அதைத் தலை என்று நினைத்துக் கவ்வும். துண்டுச் சிறகு அதன் வாய்க்கு, உயிர் பூச்சிக்கு. ஆகவே சிறகு கிழிந்த பூச்சியைப் பார்த்து "சீ, பழசு" என்று விட்டுவிடாதீர்கள். அது பிழைத்து வந்த பூச்சி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து, மரத்துப்போன பிறகு பூவில் உட்கார வைத்துப் படமெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பரிசும் வாங்குகிறார்கள். அந்தப் படத்தில் எல்லாமே பொய். எனக்கு அந்தப் படம் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

நம் நாட்டில் இயற்கையைக் கேமராவில் பார்த்தவர்களில் மா. கிருஷ்ணன் பெரிய பெயர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூர்க்காரர். கருப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர் என்றுதான் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 1950இலிருந்து 1996இல் மறையும் வரை தி ஸ்டேட்ஸ்மன் இதழில் அவர் விடாமல் எழுதிய பத்தியில் காக்கை, அணில், வேலியோரத்து உயிர்கள் எல்லாமே உண்டு. நாற்பத்தாறு ஆண்டு! காட்டுக்குப் போனபோது மட்டும் கண்ணைத் திறந்தவரால் இப்படி எழுதியிருக்க முடியுமா?

"சரி ஐயா, படம் எடுத்தோம். அப்புறம்? ஸ்டேட்டஸில் போட்டோம், நாற்பது பேர் இதயம் போட்டார்கள், முடிந்தது" என்கிறீர்களா? முடியவில்லை. இனிமேல்தான் இருக்கிறது. நம்மை மாதிரி ஒரு தொழில் நகரத்துக்கு இதில் ஒரு முன்கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர். பருத்தி ஆலை, நிலக்கரிப் புகை. அங்கே பெப்பர்ட் மாத் என்று ஓர் அந்துப்பூச்சி. வெள்ளைச் சிறகில் மிளகுத்தூள் தூவியது மாதிரி இருக்கும். 1848இல் அதில் முழுக் கருப்பாக ஒன்று கிடைத்தது. அபூர்வம்! சேகரிப்பாளர்கள் போற்றி வைத்தார்கள். எடில்ஸ்டன் என்ற மான்செஸ்டர்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் பெண் அந்துகளை வைத்து ஆண்களை வரவழைத்துப் பார்த்தார். வந்தவற்றில் பெரும்பாலானவை கருப்பு. அதை அவர் 1864இல் எழுதி வைத்தார். 1895 வாக்கில் மான்செஸ்டரில் 98 சதவீதம் கருப்பாகிவிட்டது. புகை படிந்த மரத்தில் வெள்ளைப் பூச்சி பளிச்சென்று தெரிந்தது, குருவி கொத்தியது, கருப்பு தப்பியது. பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறைந்தது, கருப்பும் குறைந்து, வெள்ளை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. உலகத்துப் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இந்தக் கதை இருக்கிறது. பரிணாமம் கண்ணெதிரே நடந்ததற்குப் பெயர்பெற்ற சாட்சி.

இதன் தொடக்கக் கணக்கை எழுதி வைத்தது யார்? பெரிய ஆராய்ச்சிக்கூடமா? தன் வீட்டுத் தோட்டத்தில் வந்த பூச்சியைத் தேதியோடு எழுதி வைத்த ஊர்க்காரர். ஓர் ஆலை நகரத்து வீட்டுத் தோட்டம்! நம் கும்மிடிப்பூண்டியின் காற்றைப் பற்றி எத்தனை வருஷமாகப் பேசுகிறோம்? மொட்டை மாடியில் படியும் கருந்தூளைப் பற்றி எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்? அந்தத் தூள் இலையில் படிந்தால் இலையைத் தின்னும் புழு என்னவாகிறது என்று தெருத்தெருவாகப் பார்த்து, தேதி போட்டு, பத்து வருஷம் கணக்கு வைக்க நம்மைத் தவிர வேறு யார் வரப் போகிறார்கள்?

இதனால்தான் மங்கலான படத்தையும் அழிக்காதீர்கள் என்கிறேன். தேதியும் இடமும் இருந்தால் மங்கலான படமும் சாட்சி. அவை இல்லாவிட்டால் பரிசுப் படமும் வெறும் அலங்காரம். கைபேசியில் இடக்குறிப்பை இயக்கி வையுங்கள். பூச்சியோடு செடியையும் ஒரு படம் எடுங்கள். முட்டையிட்டாளா, தேன் குடித்தாளா, சும்மா கடந்தாளா என்று ஒரு வரி. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் பெயர் தெரிந்தவர்கள் சரிபார்ப்பார்கள். செப்டம்பரில் இந்தியா முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம் கொண்டாடுகிறார்கள். அப்போது நம் ஊர்க் கணக்கும் சேரட்டும்.

இப்படிப் பலர் எழுதிய குறிப்புகளால் என்ன தெரியவந்தது என்பதற்கு நம் வேலியிலேயே ஓர் உதாரணம். சிப்காட் கம்பிவேலி முழுக்கப் படர்ந்திருக்கும் சிறுபூனைக்காலியில் ஆரஞ்சு நிறத்தில் சோம்பேறியாகப் பறக்கும் டானி காஸ்டர். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பூச்சி கிழக்கே கிழக்கே போய் 2006இல் சிங்கப்பூரிலும், 2012இல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் பதிவாகியிருக்கிறது. எந்த ஆண்டு எந்த ஊரில் முதலில் கண்ணில் பட்டது என்று யாரோ எழுதி வைத்ததால்தான் அந்தப் பயணமே நமக்குத் தெரிகிறது.

வடகிழக்குப் பருவமழையையொட்டி ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்றையும் கவனியுங்கள். புளூ டைகரும் வெண்புள்ளிக் கருப்பனும் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் போகும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சமவெளிப் பக்கம் வந்தவை திரும்புகிற காலம் அது. வழியில் கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்கிலும் ஆண்கள் மொய்த்துக் கிடக்கும். பெண்ணைக் கவரும் வாசனைக்கான சரக்கை அவை அங்கேதான் எடுத்துக்கொள்கின்றன. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கோவை, சேலம் பக்கம் எழுதுகிறார்கள். வடகோடியில் நம் பக்கம் எழுத ஆள் குறைவு.

நேரம் அதிகமாகிவிட்டது, கடைசி ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வாசலில் இருக்கும் மேசையில் ஆடுதீண்டாப்பாளை நாற்றும் ரணகள்ளி இலையும் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுதீண்டாப்பாளை நஞ்சு; குழந்தைகள் வாயில் வைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள், நாட்டுமருந்து என்று யாரும் அரைத்துக் குடித்துவிடாதீர்கள். நட்ட செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. மூன்றாவது வரிசை நண்பருக்கு இரண்டு நாற்று. இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். கைபேசியில் படம் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள், இன்ன பூச்சி என்று சேர்ந்து பார்த்துவிடலாம். கீழ்ச்சிறகுப் படம் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள்.